ஒரு பூவின் முன் ஐந்து நிமிடம்

நேயர்களுக்கு வணக்கம். நடைப்பயிற்சிக்குப் போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: வழியில் ஏதாவது ஒரு பூவின் முன் ஐந்து நிமிடம் நில்லுங்கள். பறிக்க வேண்டாம். பறித்த பூவைத் தேடி எந்த வண்டும் வராது. பார்க்க வேண்டியதில் பாதி அதோடு போய்விடும்.

பெரிய பூவைத் தேடி அலையத் தேவையில்லை. பாதையோரம் மிதிபட்டுக் கிடக்கும் வெட்டுக்காயப் பூண்டே போதும். சிலர் அதை மூக்குத்திப் பூ என்பார்கள். நீண்ட மெல்லிய காம்பின் நுனியில் இருப்பது ஒரு பூ அல்ல, ஒரு கூட்டம். நடுவே மஞ்சளாகத் தெரிவதெல்லாம் சிறு பூக்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து மடல், தனி மகரந்தம், தனிச் சூலகம். ஓரத்தில் நாம் இதழ் என்று நினைக்கும் வெளிறிய மடல்கள்கூட ஆளுக்கொரு பூதான். அவற்றின் நுனி மூன்றாகப் பிளந்திருக்கும். ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி மலர்வதால், வெளிவட்டத்தில் சூல்முடியை, அதாவது மகரந்தத்தை ஏற்கும் நுனியை, இரண்டாக விரித்த பூவையும் நடுவில் திறக்காத மொட்டையும் ஒருசேரப் பார்க்கலாம். சூரியகாந்தியிலும் இதே ஏற்பாடுதான்.

ஜெர்மானியரான கிறிஸ்தியான் கொன்ராட் ஸ்ப்ரெங்கல் 1787-இல் ஒரு காட்டு ஜெரேனியப் பூவின் இதழடியில் மெல்லிய மயிர்களைக் கண்டார். இவை எதற்கு என்று கேட்டார். மழைநீர் தேனில் கலக்காமல் காக்க என்ற முடிவுக்கு வந்தார். அந்த மயிரில் தொடங்கிய கேள்விதான், பூவுக்கும் பூச்சிக்கும் உள்ள உறவைப் பற்றி 1793-இல் அவர் வெளியிட்ட நூல்வரை கொண்டுபோனது. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது.

உண்ணிச்செடியை எடுத்துக்கொள்ளுங்கள். காடுகளை விழுங்கும் களை அது. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனாலும் பூங்கொத்தைப் பாருங்கள். பல செடிகளில் நடுவில் மஞ்சள், ஓரத்தில் ஆரஞ்சோ சிவப்போ இருக்கும். புதிதாக மலர்ந்தது மஞ்சள். நாளானது நிறம் மாறுகிறது. தேன் இருப்பது மஞ்சளில். வண்ணத்துப்பூச்சி உறிஞ்சுகுழலை எங்கே நுழைக்கிறது என்று கவனியுங்கள்.

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. அதைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, தெளிவாகத் தெரியும்வரை குனிந்து பூவை நெருங்க வேண்டும். எருக்கம்பூவிடம் மட்டும் எச்சரிக்கை: செடியை ஒடித்துவிடாதீர்கள், அதன் பால் கண்ணில் பட்டால் கெடுதல்.