ராமநாதபுரத்து மழையும் ஒரு மழைமானியும்

தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, அலுவல்களுக்கு நடுவே வந்திருக்கும் வேளாண்மை உதவி இயக்குநர் அவர்களே, கண்மாய்ப் பாசனச் சங்கப் பெருமக்களே, பந்தலுக்கு வெளியே நின்றபடி கேட்கும் மடைகாவல் பெரியவர்களே (முதலில் அவர்களுக்கு நாற்காலி போடுங்கள்), தாய்மார்களே, வணக்கம்.

மழை, வெயில், காற்று மூன்றையும் பேசுவதாக நோட்டீஸ் அடித்திருக்கிறார்கள். மழையில் தொடங்குகிறேன்.

"கார்த்திகைக்குப் பின் மழையுமில்லை, கர்ணனுக்குப் பின் கொடையுமில்லை." நம் சீமைக்கு இதுதான் பஞ்சாங்கம். தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை வாங்கிக்கொள்கிறது. ஆனி, ஆடியில் நமக்கு மிஞ்சுவது காற்றும் புழுதியும். மற்ற ஊர்க்காரர்கள் ஆடிப்பட்டம் தேடுகிறார்கள். நாம் ஆவணிக் கடைசியிலும் புரட்டாசியிலும் காய்ந்த மண்ணில் நெல்லைத் தூவிவிட்டு வானத்தைப் பார்க்கிறோம். நடுவில் ஒரு தூறல் விழுந்து விதை முளைத்து, பிறகு பதினைந்து நாள் காய்ந்தால் முளை கருகும். மறுபடி விதைநெல் வாங்க வேண்டியதுதான்.

எவ்வளவு பெய்தது என்றால், "ஓர் உழவு மழை" என்கிறோம். யார் வயலில் பார்த்த உழவு?

மாமன் மச்சான் கதை ஒன்று உண்டு. ராத்திரி நல்ல மழை. விடிந்ததும் டீக்கடையில் மாமன், "ஏழு சென்டிமீட்டர்ப்பா!" என்றார். மச்சான், "நாலுதான் மாமா" என்றார். பேச்சு முற்றி, போன வருசத்து வரப்புத் தகராறு வரைக்கும் போய்விட்டது. பெண் கொடுத்ததே தப்பு என்று மாமன் சொல்ல, டீ ஆறிப்போனது. கடைசியில் கடைக்காரர்தான் கேட்டார்: "எதில் அளந்தீங்க?" மாமன் வாசலில் வைத்தது பிளாஸ்டிக் வாளி, வாய் 30 சென்டிமீட்டர், அடி 22. மச்சான் வைத்தது நேர்சுவர் பால்பவுடர் டின். வாய் அகன்று அடி குறுகினால் நாலு ஏழாகத்தான் நிற்கும். ரெண்டு பேருமே பொய் சொல்லவில்லை, வாளி சொன்னது!

அதனால்தான் கேட்கிறேன், ஊருக்கொரு மழைமானி. 1 மில்லிமீட்டர் என்பது சதுர மீட்டருக்கு 1 லிட்டர். 10 மில்லிமீட்டர் பெய்தால் ஏக்கருக்குச் சுமார் 40,000 லிட்டர். தினமும் காலை 8.30-க்கு அளந்து, நோட்டில் எழுதி, தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கொட்ட மறந்தால் மறுநாள் கணக்கு இரட்டிக்கும். மானியின் வாய்ப்புனலில் வேப்பிலை அடைத்தால் நிரம்பி வழிந்து குறைத்துக் காட்டும்.

2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அதே மாவட்டத்தில் உள்நாட்டுப் பக்கம் அதில் ஒரு சிறு பங்குதான். மாவட்டச் சராசரியை வைத்து நம் கண்மாய்க்கு மடை திறக்க முடியுமா?

"கார்த்திகைக்குப் பின் மழையுமில்லை" என்றேன். தனுஷ்கோடியை 1964-இல் அழித்த புயல் டிசம்பர் 22 இரவு, மார்கழியில் வந்தது. பழமொழியும் வேண்டும், நோட்டும் வேண்டும்.

மணி அடித்துவிட்டார்கள்; வெயிலும் காற்றும் அடுத்த கூட்டத்துக்கு. பள்ளிக்கூட மைதானத்து வேம்பு 8 மீட்டர் உயரம். மரம் மழையை மறைக்காதபடி, அதன் உயரத்தைப் போல் இரண்டு மடங்காவது தள்ளி, 16 மீட்டரில் மானியை நட வேண்டும். தலைவர் சம்மதித்தால் கூட்டம் கலைந்ததும் டேப் பிடித்து அளந்து குச்சி அடித்துவிடலாம்.