69 வயதுப் பிள்ளையை எத்தனை நாள் இடுப்பில் வைத்திருப்பது?

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன்களே, அக்காவே, வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வந்து உட்கார்ந்திருக்கும் ஹூஸ்டன் தமிழ் மக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

இன்றைய தலைப்பு, "வாட்டபர்கரை வெளி முதலீட்டாளர்களிடம் விற்றது சரியா, பிழையா?" நடந்தது இதுதான். 2019 ஜூன் மாதம், டாப்சன் குடும்பம் தங்கள் பர்கர் கடைகளின் பெரும்பங்கை சிகாகோவில் இருக்கும் பிடிடி கேபிடல் பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது. அது பிழை என்று எதிரணி பேசிவிட்டது. சரி என்று பேச என்னை அனுப்பியிருக்கிறார்கள். டெக்சாஸில் நின்றுகொண்டு இந்தப் பக்கம் பேசுகிறவனுக்கு ராத்திரி யாரும் வீடு வரை லிஃப்ட்கூடக் கொடுக்கமாட்டார்கள் என்று தெரிந்துதான் வந்திருக்கிறேன்.

முதலில் பேசிய அண்ணன், "பெற்ற பிள்ளையை விற்றுவிட்டார்கள்" என்று சொல்லும்போது குரல் தழுதழுத்தது. முன்வரிசையில் ஒரு அக்கா கண்ணைத் துடைத்ததையும் பார்த்தேன். நடுவர் அவர்களே, அந்தப் பிள்ளை பிறந்தது 1950-ல். விற்றது 2019-ல். 69 வயது! பேரன் பேத்தி எடுத்து, முட்டி வலிக்குத் தைலம் தேய்க்கிற வயதில் இருக்கும் பிள்ளையை இன்னும் எத்தனை நாள் இடுப்பிலேயே வைத்துச் சோறு ஊட்டச் சொல்கிறீர்கள்?

அந்த 69 வருடக் கதையைக் கொஞ்சம் பார்ப்போம். எதிரணி அதைத் தொடவே இல்லை. கார்ப்பஸ் கிறிஸ்டியில் ஹார்மன் டாப்சன் தன் கூட்டாளி பால் பர்ட்டனோடு ஒரு சின்னக் கடை போட்டார். இரண்டு கையாலும் பிடித்தால்தான் சாப்பிட முடியும் என்கிற அளவுக்குப் பெரிய பர்கர், விலை 25 சென்ட். ஒரு கடி கடித்ததும் "அடடா, என்ன பர்கர்!" என்று வாயில் வரவேண்டும், அதுவே கடைக்குப் பெயர். நம் ஊர்க்காரர்கள் அதை "வாட்டர்பர்கர்" என்று சொல்லிச் சொல்லித் தண்ணீர் ஊற்றியது வேறு கதை. இந்த இரண்டு கூட்டாளிகளும் ஒரு வருடத்துக்குள் பிரிந்துவிட்டார்கள். காரணம் என்ன தெரியுமா? 25 சென்டை 30 சென்ட் ஆக்கலாமா வேண்டாமா என்ற சண்டை. "அந்தக் காலத்தில் பாசத்துக்காகக் கடை நடத்தினார்கள், இப்போதுதான் காசு வந்து புகுந்துவிட்டது" என்றாரே அண்ணன், அந்தக் காலத்திலேயே ஐந்து சென்டுக்காகக் கூட்டு உடைந்திருக்கிறது.

அடுத்து, "டெக்சாஸ் எல்லையைத் தாண்டினாலே அதன் ஆன்மா போய்விடும்" என்றீர்கள். டெக்சாஸ் எல்லையைத் தாண்டி முதல் கடை எப்போது வந்தது? 1959-ல், ஃபுளோரிடாவின் பென்சகோலாவில். தாண்ட வைத்தவர் சிகாகோ முதலாளி இல்லை, சாட்சாத் டாப்சனே. ஹைவேயில் தூரத்திலிருந்தே கண்ணில் படுகிற அந்தக் கூம்புக் கூரை, ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பட்டை போட்டது, 1961-ல் ஒடெஸாவில் எழுந்தது. அது கடைக்குப் பதினோரு வயதான பிறகு வந்த மாற்றம். இன்று நாம் "பழைய அடையாளம்" என்று கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பது, ஒரு காலத்தில் யாரோ ஒரு பழைய வாடிக்கையாளருக்கு "இதென்ன புதுசா கோமாளி வேஷம்" என்று பட்டிருக்கும்.

1967-ல் டாப்சன் விமான விபத்தில் இறந்துபோனார். மனைவி கிரேஸ் கடைகளைக் கையில் எடுத்தார். அந்த அம்மாவுக்கு இந்த மேடையிலிருந்து ஒரு கும்பிடு, இதில் எனக்கும் எதிரணிக்கும் சண்டை இல்லை. 1993-ல் மகன் டாம் தலைமைக்கு வந்தார். 2001-ல் டெக்சாஸ் சட்டமன்றமே இதை மாநிலத்தின் பொக்கிஷம் என்று அறிவித்தது. விற்கும்போது பத்து மாநிலங்களில் 800-க்கும் மேற்பட்ட கடைகள்.

இந்த இடத்தில்தான் நான் கொஞ்சம் நிற்கவேண்டும். 800 கடை என்பது எண்ணிக்கையில் மட்டும் பெரியது இல்லை. ஒரு குடும்பக் கடையில் முதல் தலைமுறைக்குச் சாவி ஒன்று. இரண்டாவது தலைமுறையில் மூன்று நான்கு பேர். மூன்றாவதில் பேரன், பேத்தி, மருமகன் என்று பங்கு பிரிந்துகொண்டே போகும். ஒருவர் "லாபத்தைப் பிரித்துக் கொடு, எனக்கு வீடு கட்டவேண்டும்" என்பார். இன்னொருவர் "பிரிக்காதே, இன்னும் நூறு கடை திற" என்பார். இரண்டுமே நியாயம்தான். ஆனால் ஒரே கல்லாவிலிருந்து இரண்டையும் செய்ய முடியாது. அப்போது வெளியிலிருந்து பணம் வந்தால் போகிறவர் காசோடு போகலாம், கடையும் வளரலாம். பணம் வராவிட்டால் கோர்ட்டில் போய் நிற்பார்கள். சொத்துத் தகராறு என்றால் என்ன என்று தமிழர்கள் நிறைந்த சபையில் நான் விளக்கவேண்டுமா? இதில் டாப்சன் குடும்பம் மொத்தமாகக் கைகழுவிவிட்டுப் போகவும் இல்லை, ஒரு சிறு பங்கைத் தங்களிடமே வைத்துக்கொண்டது.

"கலிஃபோர்னியாவின் பர்கர் கடை இன் அண்ட் அவுட் விற்கவில்லையே, அந்த ஊர்க்காரர்களுக்கு இருக்கிற ரோஷம் நமக்கு இல்லையா?" என்று அக்கா கேட்டார். நல்ல கேள்வி. இன் அண்ட் அவுட்டை 1948-ல் தொடங்கிய ஸ்னைடர் தம்பதிக்குப் பேத்தி ஒரே ஒருத்தி, லின்ஸி. சாவியை யாரிடம் கொடுப்பது என்ற கேள்வியே அங்கே எழவில்லை. அந்தக் குடும்பத்திலும் ஒரு மகன் 1993-ல் விமான விபத்தில் போனார், இன்னொரு மகன் 1999-ல் போனார். ஒரே வாரிசு மிஞ்சியது ரோஷத்தால் இல்லை, துக்கத்தால். அதைக் காட்டி டாப்சன் வீட்டுக்கு வகுப்பு எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இப்போது வெளியூர்க்காரன் விஷயத்துக்கு வருவோம். நடுவர் அவர்களே, ஒரு சின்னப் பரிசோதனை. இந்த ஹாலில் டெக்சாஸில் பிறந்தவர்கள் மட்டும் கை தூக்குங்கள். பார்த்தீர்களா? பின்வரிசையில் போன் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் மட்டும் தூக்குகிறார்கள். "வெளியூரான் கையில் போய்விட்டதே" என்று கைதட்டிய பெரியவர்கள் ஒருவர் கையும் மேலே வரவில்லை!

விற்பனைச் செய்தி வந்த அன்று அதிகமாக வருத்தப்பட்டவர் யார்? அப்போது நம் ஹூஸ்டன் டெக்சன்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணியில் ஆடிக்கொண்டிருந்த ஜே.ஜே. வாட். எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுத் திரும்ப வாங்கிவிடலாம் என்று ட்விட்டரில் போட்டார். நல்ல மனிதர், ஹார்வி புயலில் இந்த ஊருக்காக நிதி திரட்டியவர். அவர் எந்த ஊர்? விஸ்கான்சின். சிகாகோவுக்குப் பக்கத்து மாநிலம். அவரை நாம் வெளியூரான் என்றா சொன்னோம்?

சிகாகோ பணம், சிகாகோ பணம் என்றீர்கள். அந்த பிடிடி நிறுவனம் 2023-ல் யாரோடு இணைந்தது? எம்எஸ்டி பார்ட்னர்ஸோடு. அந்த எம்எஸ்டி, மைக்கேல் டெல்லின் சொத்தை நிர்வகிக்கிற நிறுவனத்திலிருந்து கிளம்பியது. டெல் ஹூஸ்டனில் பிறந்து, ஆஸ்டின் கல்லூரி விடுதி அறையில் கம்ப்யூட்டர் விற்று வளர்ந்தவர். இதனால் கடை மறுபடி டெக்சாஸ்காரர் கைக்கு வந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன், அது ஏமாற்று. பணத்துக்கு ஊர்ப்பெயர் ஒட்டிப் பார்த்தால் நான்கு வருடத்தில் அந்த ஸ்டிக்கர் உரிந்துவிடுகிறது என்றுதான் சொல்கிறேன்.

எதிரணியில் கடைசியாகப் பேசிய அண்ணன் ரெட் லாப்ஸ்டர் என்ற கடலுணவுக் கடைகளின் கதையைக் கொண்டுவந்தார். இது கனமான அடி. மறைக்காமல் ஒத்துக்கொள்கிறேன். 2014-ல் கோல்டன் கேட் கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனம் அந்தக் கடைகளை 210 கோடி டாலருக்கு வாங்கியது. வாங்கிய கையோடு கடைகள் நின்றிருந்த நிலத்தை 150 கோடி டாலருக்கு விற்றது. சொந்த நிலத்தில் இருந்த கடைகள் மறுநாளிலிருந்து வாடகைக் கடைகள். 2024 மே மாதம் திவால் மனு. பத்திரிகைகள் பாதி, "வாடிக்கையாளர்கள் 20 டாலருக்கு அளவில்லாமல் இறால் தின்றே கடையைச் சாய்த்துவிட்டார்கள்" என்று சிரித்தன. பாவம் இறால். வாடகை தின்றதை யாரும் தட்டில் வைத்துக் காட்டவில்லை.

இதற்காகத்தான் கோபப்பட வேண்டும், அண்ணா. கோபம் வரவேண்டிய இடம் அதுதான். வாங்கியவன் நிலத்தை விற்கிறானா, கடன் வாங்கிக் கடையின் தலையில் கட்டுகிறானா, எத்தனை வருடத்தில் கிளம்பப் போகிறான் என்று கேளுங்கள், நானும் உங்கள் பக்கத்தில் வந்து நிற்கிறேன். அதை விட்டுவிட்டு அவன் வீட்டு விலாசம் சிகாகோவா, நம் ஊருக்குப் பக்கத்து ஷுகர்லாண்டா என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். 1976-ல் கிரிஸ்பி கிரீம் டோனட் கடையை வாங்கிய பியாட்ரிஸ் ஃபுட்ஸ் சாப்பாட்டுத் தொழிலிலேயே ஊறிய கம்பெனி. அதுதான் கைப்பக்குவத்தில் கை வைத்துக் கெடுத்தது. 1982-ல் கிளை எடுத்து நடத்தியவர்களே சேர்ந்து கடையைத் திரும்ப வாங்கவேண்டி வந்தது. சமையல் தெரிந்த வெளியாளும் கெடுப்பான்.

வாட்டபர்கரில் விற்ற பிறகு என்ன ஆனது? தலைமை அலுவலகம் சான் அன்டோனியோவை விட்டு நகரவில்லை. விற்ற கையோடு தலைமைக்கு வந்த எட் நெல்சன் அதே கம்பெனியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர். கூரை ஆரஞ்சாகவே இருக்கிறது. கடைகள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. டெக்சாஸின் டைலரில் பிறந்த அமெரிக்கக் கால்பந்து வீரர் பேட்ரிக் மஹோம்ஸ் கேன்சாஸ் சிட்டிக்கு விளையாடப் போனவர், தன் கூட்டாளிகளோடு இந்தக் கடையை அங்கேயும் இழுத்துக்கொண்டு போனார். வீட்டுச் சாப்பாட்டு ஏக்கம், கையில் காசும் இருந்தால் வேறென்ன செய்வார்?

ருசி குறைந்துவிட்டது என்று அக்கா சொன்னார். இருக்கலாம். என் நாக்கில் அது தெரியவில்லை, நான் மாட்டுக்கறி சாப்பிடாதவன். எனக்குத் தெரிந்த வாட்டபர்கர் ராத்திரி 11 மணிக்கு மேல் கிடைக்கிற காலை உணவு. ஹனி பட்டர் சிக்கன் பிஸ்கட். முதல் தடவை என் மாமியார், "பிஸ்கட்டுக்குள்ள எதுக்கு மாப்பிள்ளை கோழி?" என்று கேட்டார். டீயில் முக்குகிற பிஸ்கட் இல்லை அத்தை, இது மெத்தென்ற ரொட்டி என்று விளக்கினேன். அவரை விமானத்தில் ஏற்றிவிட்டுத் திரும்பிய ராத்திரி ஒரு மணி இருக்கும், காரை ஓரமாக நிறுத்திக் காகிதத்தைப் பிரித்தோம். தேன் வெண்ணெய் ஓரத்தில் வழிந்து விரலிடுக்கெல்லாம் பிசுபிசு. மனைவி அழுதுகொண்டே சாப்பிட்டாள். அது விற்பனை முடிந்து மூன்று வருடம் கழித்து. அந்த நேரத்தில் இருவரில் ஒருவருக்கும் பங்குதாரர் யார் என்ற யோசனை வரவில்லை.

அப்புறம் பெரில் புயல். 2024 ஜூலை. இங்கே இருக்கிற எல்லாருக்கும் கரண்ட் போனது, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள். எந்தப் பகுதியில் மின்சாரம் இருக்கிறது என்று பார்க்க மின்சாரக் கம்பெனியின் வரைபடம் வேலை செய்யவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் கண்டுபிடித்தார், வாட்டபர்கர் ஆப்பைத் திற! 24 மணி நேரமும் திறந்திருக்கிற கடை, மூடியிருந்தால் அங்கே கரண்ட் இல்லை என்று அர்த்தம். ஆரஞ்சுப் புள்ளி என்றால் திறந்திருக்கிறது, சாம்பல் என்றால் மூடியிருக்கிறது. போனில் ஏழு சதவீத சார்ஜை வைத்துக்கொண்டு, குழந்தைக்குப் பால் சூடாக்க எந்தப் பக்கம் வண்டியை விடுவது என்று நான் அந்தப் புள்ளிகளைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். ஊர் மொத்தமும் நம்பிய அந்த வரைபடம், எதிரணி சொல்கிற "ஆன்மா போன" கம்பெனியுடையது.

மணி அடித்துவிட்டீர்கள், தெரிகிறது. ஒரே ஒரு விஷயம், முடித்துவிடுகிறேன்.

"நம்முடையதை எடுத்து விற்றுவிட்டார்கள்" என்று ஆரம்பித்தாரே அண்ணன். அந்தக் கடையில் ஆர்டர் கொடுத்ததும் மேஜையில் வைக்க ஒரு ஆரஞ்சு நம்பர் கொடுப்பார்கள், குட்டிக் கூடாரம் மாதிரி. போன தீபாவளிக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். ஷோகேஸில் கொலு பொம்மைக்கும் பையனின் கராத்தே கோப்பைக்கும் நடுவில், துடைத்துப் பளபளவென்று நம்பர் 27. அண்ணா, 51 சதவீதமோ 91 சதவீதமோ, சிகாகோக்காரன் காசு கொடுத்துத்தான் வாங்கினான். நீங்கள் அந்த 27-க்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?