பிடுங்கிய பல்லிலிருந்தே தாடைக்கு எலும்பு

[காட்சி: தாடையின் குறுக்குவெட்டு. பல் இருந்த குழி காலி.]

பல்லைப் பிடுங்கினால் குழி தானாக ஆறிவிடும். ஆனால் எலும்பு பழைய அளவுக்குத் திரும்பாது. ஒரு வருடத்துக்குள் அந்த இடத்தில் தாடை விளிம்பின் அகலம் பாதி வரை குறையலாம். பெரும்பகுதி முதல் 3 மாதங்களிலேயே போய்விடும். முதலில் கரைவது கன்னத்துப் பக்கச் சுவர். அது மிக மெல்லியது. பல் இருந்ததால்தான் அதுவும் இருந்தது.

போன பல்லுக்குப் பதில் வைக்கும் செயற்கைப் பல்லைத் தாங்க, தாடை எலும்பில் இறக்குவது இம்ப்ளான்ட். அது ஒரு டைட்டானியம் திருகு. 4 மில்லிமீட்டர் தடிமன் உள்ள திருகை 4 மில்லிமீட்டர் எலும்பில் இறக்க முடியாது. சுற்றிலும் எலும்பு மிச்சம் வேண்டும். அதற்காகத்தான் குழியில் எலும்புத் துகள் நிரப்புகிறார்கள். மாட்டெலும்பைப் பதப்படுத்திய துகள், இறந்தவர் தானமாகத் தந்த எலும்பு, அல்லது நோயாளியின் தாடையிலேயே வேறிடத்தில் வெட்டி எடுத்தது. முதல் இரண்டுக்கும் சிலர் மனது ஒப்பாது. மூன்றாவதுக்கு இன்னொரு காயம்.

[காட்சி: தட்டில் கிடக்கும் கடைவாய்ப்பல்.]

சரி, பிடுங்கிய பல்லில் என்ன இருக்கிறது? மேலே எனாமல், அது ஏறக்குறைய முழுக்கத் தாது. அதற்கு உள்ளே டென்டைன். இதன் எடையில் சுமார் 70% தாது, 20% கரிமப் பொருள், மீதி தண்ணீர். அந்தக் கரிமப் பொருளில் பெரும்பங்கு எலும்பில் இருக்கும் அதே முதல் வகைக் கொலாஜன் என்ற நார்ப்புரதம். போதாததற்கு, எலும்பு வளரத் தூண்டும் புரதங்களும் கொஞ்சம் உள்ளே பூட்டிக் கிடக்கின்றன.

1965-இல் மார்ஷல் யூரிஸ்ட் என்ற அமெரிக்க மருத்துவர், அமிலத்தில் தாது நீக்கிய எலும்பை விலங்குகளின் தசைக்குள் வைத்தார். தசைக்குள் புது எலும்பு முளைத்தது! 1967-இல் டென்டைனிலும் அதே விளைவு பதிவானது. அப்புறம் நோயாளியின் சொந்தப் பல்லையே பயன்படுத்தும் வேலை ஜப்பானில் ஆய்வாளர் மசாரு முராத்தாவிடமும், 2008 வாக்கில் தென்கொரியாவில் யங்-கியுன் கிம் குழுவிடமும் வேகமெடுத்தது. கொரியாவில் பல்லைப் பதப்படுத்தித் தரத் தனி வங்கியே வந்தது.

[காட்சி: பல்லைச் சுத்தம் செய்யும் கைகள், சிறிய அரைக்கும் கருவி.]

இப்போது கிளினிக்கிலேயே செய்யும் முறையும் உண்டு. சொத்தை, பழைய ஃபில்லிங், வேரில் ஒட்டிய திசு எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, பல்லை நன்றாக உலர்த்தி அரைக்கிறார்கள். ரவை மாதிரி விழும் துகளில் 300 முதல் 1200 மைக்ரான் வரை உள்ளதைச் சலித்து எடுக்கிறார்கள். சோடியம் ஹைட்ராக்சைடும் ஆல்கஹாலும் கலந்த திரவம் கிருமியையும் மிச்சத் திசுவையும் அழிக்கிறது. உப்புக் கரைசலில் அலசினால் துகள் தயார். சிலர் தாதுவில் ஒரு பங்கைக் கரைத்தும் விடுவார்கள்; உள்ளே இருக்கும் கொலாஜனும் புரதமும் அப்போதுதான் வெளிப்படும். பிடுங்கிய அமர்விலேயே குழியில் நிரப்பித் தையல் போட்டுவிடலாம்.

உடல் இதை ஏற்குமா? விபத்தில் விழுந்த பல்லைத் திரும்பப் பொருத்தினால், சில சமயம் வேர் எலும்போடு நேரடியாக ஒட்டி, வருடக்கணக்கில் மெல்லக் கரைந்து எலும்பாகவே மாறிவிடும். பல் மருத்துவர்கள் அதைச் சிக்கல் என்பார்கள். இங்கே அதே சிக்கல்தான் நமக்கு வேண்டியது. துகள்களைச் சுற்றிப் புது எலும்பு வளரும், துகள் மெல்லக் கரையும். சில மாதம் காத்திருந்து இம்ப்ளான்ட்.

[காட்சி: வேர் சிகிச்சை செய்த பல்லின் எக்ஸ்ரே.]

எல்லாப் பல்லும் உதவாது. வேர் சிகிச்சை செய்த பல்லுக்குள் அடைப்புப் பொருள் இருப்பதால் பொதுவாக ஒதுக்கிவிடுவார்கள். வேர் வரை சொத்தை அரித்த பல்லில் அரைக்க என்ன மிஞ்சும்? பிடுங்கிய குழியைக் காப்பாற்ற இந்த முறை நன்றாகவே உதவுகிறது. தாடையின் உயரத்தையே ஏற்ற வேண்டிய பெரிய குறைகளுக்கு இதை மட்டும் நம்புவது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. புகைப்பவருக்கும் கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை உள்ளவருக்கும் எந்தத் துகள் வைத்தாலும் ஆறுவது சிரமம்தான்.

இம்ப்ளான்ட் வைக்கும் எண்ணம் இருந்தால், பல்லைப் பிடுங்கும் நாளுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். கழிவுப் பைக்குப் போன பல்லை யாரும் தேடி எடுத்துத் தரமாட்டார்கள்.