கொட்டைக்குள் இருக்கிறது தகப்பன் பெயர்

நேயர்களுக்கு வணக்கம்.

சம்பா பூக்கிற நாளில் காலை 10 மணி வாக்கில் வரப்பில் நின்று பார்த்திருப்பீர்கள். நெல்லின் உமி வாய் திறக்கும், மகரந்தப் பை வெளியே தொங்கும், கொஞ்ச நேரத்தில் மூடிக்கொள்ளும். அதற்குள் தன் மகரந்தம் தன் சூல்முடியிலேயே விழுந்துவிடும். நெல்லுக்கு அடுத்த வயலின் தயவு வேண்டியதில்லை.

ஆலிவ் இதற்கு நேர் எதிர். வேதாரண்யம் பக்கத்து முல்லையின் குடும்பத்தைச் சேர்ந்த மரம்தான். குளிர் பட்டால்தான் பூமொட்டு கட்டும் என்பதால் நம் டெல்டாவுக்கு ஒத்துவராது. ஆனால் அதன் குணம் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது. ஒரே பூவில் ஆண் பாகமும் உண்டு, பெண் பாகமும் உண்டு. இருந்தும் பெரும்பாலான ரகங்களில் தன் மகரந்தம் குழாய் விட்டுச் சூல் வரை இறங்காது. இதுதான் தன் ஒவ்வாமை. போத்து வைத்து ஒரே ரகத்தை 100 ஏக்கரில் நட்டாலும் மரபுப்படி அது ஒரே மரம்தானே! பூத்துக் குலுங்கும், காய் பிடிக்காது. பிடித்தாலும் விதையில்லாத சின்னப் பிஞ்சாக நின்றுபோகும்.

எந்த ரகத்துக்கு எது துணை என்று அறிய, மொட்டு விரியும் முன் கிளைக்குப் பை கட்டி, வெளி மகரந்தத்தைத் தடுத்து, நாம் தேர்ந்த மகரந்தத்தை மட்டும் சேர்த்து, காய் பிடிக்கிறதா என்று பார்ப்பது பழைய வழி. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், தவறெல்லாம் இங்கேதான் நடக்கிறது. ஆலிவ் மகரந்தம் காற்றில் போவது. ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 50 தூள் வரிசையாக நிற்கும், அவ்வளவு பொடி. பையின் கட்டு தளர்ந்தால் போதும், வெளி மகரந்தம் நுழைந்துவிடும். நாலு காய் பிடித்ததும் "இது தானே காய்க்கிற ரகம்" என்று எழுதிவிடுவார்கள். பைக்குள் வெக்கை ஏறி, சேர வேண்டிய மகரந்தமும் கெட்டுப்போவது இன்னொரு கோளாறு. பை பொய் சொல்லும், நேயர்களே. விதை சொல்லாது.

விதையைக் கேட்பது எப்படி? டி.என்.ஏ. என்கிற மரபுச் செய்தி எழுத்து வரிசைபோல் நீள்வது. அதில் சில இடங்களில் இரண்டு எழுத்து திரும்பத் திரும்ப வரும். ஒரு ரகத்தில் 12 தடவை, இன்னொன்றில் 18 தடவை. இதுதான் மரபணுக் குறிப்பான். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு எண் இருக்கும், ஒன்று தாய் தந்தது, ஒன்று தகப்பன் தந்தது. தாய் மரத்தில் 12, 15. விதையில் 12, 18 என்றால் அந்த 18 தாயிடம் இல்லை. தோப்பில் 18 உள்ள மரம்தான் தகப்பன். இரண்டு மரத்தில் 18 இருந்தால்? அதற்காகத்தான் ஓர் இடத்தோடு நிற்காமல் பல இடங்களைப் பார்க்கிறோம். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தார் ஓர் ஆலிவ் தோப்பில் இப்படித்தான் தகப்பன் மரங்களைத் தேடினார்கள்.

கைவேலையில் கவனம் இது: சதை, ஓடு, விதையின் பழுப்புத் தோல் மூன்றும் தாயுடையவை. ஓட்டை உடைத்து, விதையை இரவு முழுக்க ஊறவைத்து, வேர்க்கடலைத் தோலை உரிப்பதுபோல் உரித்து, உள்ளே இருக்கும் வெள்ளைக் கருவை மட்டும் எடுக்க வேண்டும். தோல் துணுக்கு ஒட்டியிருந்தால் தாயின் எண்களே மேலோங்கும், தகப்பன் தெரியாது. தோப்பு மரங்கள் அத்தனைக்கும் முதலில் எண் பார்த்துவிட வேண்டும். நாற்றங்காலில் பெயர்ப்பலகை மாறிய மரம் ஒன்று இருந்தாலும் முடிவு முழுக்கத் தப்பு.

நேரம் நெருங்குவதால் சுருக்கமாக. 2017-இல் வெளியான ஆய்வு, ஆலிவ் ரகங்கள் இரண்டே கூட்டமாகப் பிரியும் என்று காட்டியது. ஒரே கூட்டத்துக்குள் காய் பிடிக்காது, எதிர்க் கூட்டத்தோடு பிடிக்கும். ஆகவே தோப்பில் இரண்டு கூட்டமும் வேண்டும், இரண்டும் ஒரே வாரத்தில் பூக்கவும் வேண்டும். மாவில் தசேரிக்கும் லங்டாவுக்கும் தன் ஒவ்வாமை உண்டு; அவற்றைத் தனியாக நட்டவர்கள் பக்கத்தில் வேறு ரகம் இரண்டு மரமாவது வையுங்கள். வணக்கம்.