இரண்டு பாஸ்போர்ட்டும் ஒரே பையில் வேண்டாம்

அவையில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

பிள்ளைகள் கடல் கடந்து குடியேறிவிட்டார்கள். வருடத்துக்கு ஒரு முறையோ, இரண்டு வருடத்துக்கு ஒரு முறையோ அவர்களைப் பார்க்கப் போய்வரும் கணவன் மனைவிக்காகத்தான் இந்தப் பேச்சு. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் விமான டிக்கெட்டில் தொடங்குவார்கள். நான் வீட்டிலிருந்து தொடங்குகிறேன். பயணத்தில் தம்பதிகள் தடுமாறும் இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு வேர் வீட்டில்தான் இருக்கிறது.

முப்பது நாற்பது வருடம் சேர்ந்து வாழ்ந்த வீட்டில் வேலைகள் தாமாகவே இரண்டாகப் பிரிந்துவிடும். வங்கி, வரி, காப்பீடு, பாஸ்வேர்டு எல்லாம் ஒருவர் பொறுப்பு. மாத்திரை, சாவி, எந்தப் பொருள் எந்த அலமாரியில், எந்த டாக்டர் என்ன சொன்னார் என்பதெல்லாம் இன்னொருவர் பொறுப்பு. ஆளுக்குப் பாதி தெரியும். வீட்டில் இருக்கும்வரை இதில் ஒரு குறையும் இல்லை, கூப்பிட்டால் அடுத்த அறையிலிருந்து பதில் வந்துவிடும். விமான நிலையத்தில் அந்த அடுத்த அறை கிடையாது.

ஒரு காட்சியைப் பாருங்கள். மனைவிக்கு முழங்கால் வலி, சக்கர நாற்காலி கேட்டிருக்கிறார்கள். உதவியாளர் வருகிறார், அவரை உட்காரவைத்துத் தனி வரிசை வழியாக விறுவிறுவென்று தள்ளிக்கொண்டு போய்விடுகிறார். கணவர் பைகளோடு பொது வரிசையில் நிற்கிறார். பத்து நிமிடத்தில் மனைவி குடிவரவு அதிகாரியின் முன்னால். பாஸ்போர்ட் கணவரின் தோள்பையில் இருக்கிறது. "எங்கே தங்கப்போகிறீர்கள்?" என்றால் முகவரி கணவரின் போனில் இருக்கிறது. தன் போனில் கூப்பிடலாம் என்றால் ரோமிங் போடவில்லை. அதே நேரத்தில் கணவருக்கு மாத்திரை போடும் வேளை தாண்டிக்கொண்டிருக்கிறது, மாத்திரை மனைவியின் கைப்பையில். இருவரில் யாரும் அலட்சியமாக இல்லை. எல்லாம் ஒரே இடத்தில் பத்திரமாக இருக்கட்டும் என்று நினைத்ததுதான் வினையாகிவிட்டது.

எனவே அவரவர் பாஸ்போர்ட், அவரவர் போர்டிங் பாஸ், அவரவர் மாத்திரை அவரவர் உடம்போடு இருக்க வேண்டும். கூடவே ஒரு தாள்: தங்கப்போகும் முகவரி அந்த நாட்டு எழுத்தில், பிள்ளையின் போன் எண், திரும்பும் தேதி, காப்பீட்டு நிறுவனத்தின் 24 மணி நேர எண். போனில் மட்டும் இருந்தால் போதாது, சார்ஜ் தீர்ந்தால் எல்லாம் போயிற்று. மாற்றி வைத்துக்கொள்ள வேண்டியது நகல்கள்தான்: அவருடைய பாஸ்போர்ட்டின் நகல் உங்களிடம், உங்களுடையது அவரிடம். ஆளுக்கொரு பணக்கார்டு, முடிந்தால் இரண்டும் வேறு வேறு வங்கியில். ஒரே கணக்கின் இரண்டு கார்டுகளாக இருந்து, சந்தேகத்தின் பேரில் வங்கி கணக்கையே நிறுத்திவைத்தால் இருவருமே கைவிரிக்க வேண்டியதுதான்.

சக்கர நாற்காலியை 48 மணி நேரத்துக்கு முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அதில் மூன்று நிலை உண்டு. தூரம் நடக்க முடியாது, ஆனால் படி ஏற முடியும் என்பவர் ஒரு வகை. படியும் ஏற முடியாதவர் இன்னொரு வகை. இருக்கைவரை கொண்டுபோய் விட வேண்டியவர் மூன்றாம் வகை. படி ஏற முடியாதவர் கூச்சப்பட்டு முதல் வகையைச் சொல்லிவிட்டால், பேருந்தில் கொண்டுபோய் ஏணிப்படி முன்னால் இறக்கிவிடும் விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வார். துணைவரும் கூடவே வருவார் என்று உதவியாளரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், சொல்லாவிட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பு ஒரு வாரம் வீட்டு வேலைகளை மாற்றிக்கொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்திச் சொல்வேன். மாத்திரை டப்பாவை இதுவரை தொடாதவர் நிரப்பட்டும். மின்கட்டணத்தை இதுவரை கட்டாதவர் கட்டட்டும். "ஏங்க, இதுக்கு பாஸ்வேர்டு என்ன?" என்ற கேள்வி எங்கெல்லாம் எழுகிறதோ, அந்த இடங்களை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். வார முடிவில் கையில் இருப்பதுதான் உங்கள் வீட்டுக்கான பட்டியல். வேறு யார் எழுதிக் கொடுத்த பட்டியலும் அதற்கு ஈடாகாது. வெளிநாட்டில் ஒருவர் திடீரென்று மருத்துவமனையில் படுத்துவிட்டால் மற்றவருக்கு வேண்டியது அந்த நோட்டுத்தான்.

அந்த வாரத்தில் பெரும்பாலும் தட்டுப்படும் ஒரு சிக்கல் ஓடிபி. வங்கி அனுப்பும் எண் ஒரே ஒருவரின் செல்போனுக்குத்தான் வரும். ரோமிங் போடாமல் போய்விட்டால், அங்கே இருந்துகொண்டு காப்பீட்டைப் புதுப்பிக்கவும் முடியாது, டிக்கெட் தேதியை மாற்றப் பணம் கட்டவும் முடியாது. ரோமிங்கை ஊரில் இருக்கும்போதே இயக்கிவிடுங்கள். ஒருவரின் போனைத் திறக்கும் குறியீடு மற்றவருக்கு மனப்பாடமாக இருக்கட்டும்.

இனி மாத்திரை. பயண நாட்களுக்கு வேண்டியதோடு குறைந்தது ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டி எடுத்துப்போகாதீர்கள். சோதனையில் அது பெயரில்லாத மாத்திரை. டாக்டர் கடிதத்தில் மருந்தின் வேதிப் பெயரும் அளவும் இருக்க வேண்டும், ஏனென்றால் கம்பெனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். சாதாரணம் என்று நாம் நினைக்கும் மருந்துக்குச் சில நாடுகளில் தடை இருக்கிறது. சளி மாத்திரைகள் சிலவற்றில் இருக்கும் சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது. கோடீன், டிரமடால் கலந்த வலி மருந்துகளுக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் முன் அனுமதி வாங்க வேண்டும். போகும் நாட்டின் தூதரகத் தளத்தில் பார்த்துவிட்டே மூட்டை கட்டுங்கள். இன்சுலினைச் சரக்குப் பெட்டியில் போடவே கூடாது. அது ஒருமுறை உறைந்துவிட்டால் உருகிய பிறகும் பயன்படாது, பார்வைக்கு மட்டும் நன்றாக இருக்கும். கைப்பையில் கொண்டுபோகும் மருந்துத் திரவத்துக்கு 100 மில்லி கட்டுப்பாடு பொருந்தாது. சோதனையில் தனியாக எடுத்துக் காட்டினால் போதும். கிழக்கே பறந்தால் அன்றைய நாள் சுருங்குகிறது, மேற்கே பறந்தால் நீள்கிறது. இன்சுலின் போடுகிறவருக்கும் இரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவருக்கும் அந்த ஒரு நாளின் அளவையும் நேரத்தையும் டாக்டர் எழுதியே தர வேண்டும். நாமாகக் கணக்குப் போடுகிற விஷயம் இல்லை இது.

பாஸ்போர்ட்டில் ஆறு மாதச் செல்லுபடி பல நாடுகள் கேட்பது, எல்லோருக்கும் தெரியும். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளின் கணக்கு வேறு: அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் மிச்சம் இருக்க வேண்டும், பாஸ்போர்ட் வழங்கிப் பத்து வருடத்துக்குள் இருக்க வேண்டும். குறுகிய கால விசாவில் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. நுழைந்த நாளும் கிளம்பிய நாளும் அதில் சேரும். பிரசவத்துக்கு ஒரு முறை, குழந்தையின் பிறந்தநாளுக்கு இன்னொரு முறை என்று போகிறவர்கள் இந்தக் கணக்கில்தான் இடறுகிறார்கள்.

டிக்கெட் இருவருக்கும் ஒரே முன்பதிவு எண்ணில் இருக்கட்டும். தனித்தனியாக எடுத்திருந்தால், விமானம் ரத்தாகும்போது கணினி ஒருவரை இன்றைக்கும் மற்றவரை நாளைக்கும் அனுப்பிவிடும். நீங்கள் தம்பதி என்று அதற்குத் தெரியாது. மலிவாக இருக்கிறதே என்று இரண்டு நிறுவனத்தில் இரண்டு துண்டு டிக்கெட் எடுத்தால், நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய விசாவும் தேவைப்படலாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை. வயதான காலத்தில் அந்த மிச்சம் வேண்டாம்.

பெட்டி கட்டும்போது ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். அவர் துணி அவர் பெட்டியில், உங்கள் துணி உங்கள் பெட்டியில் என்று வைக்காமல், இரண்டு பெட்டியிலும் இருவர் துணியும் பாதிப் பாதியாக இருக்கட்டும். ஒரு பெட்டி வராமல் போனால் ஒருவருக்கு எல்லாம் இருந்து மற்றவருக்கு மாற்றுத்துணிகூட இல்லை என்ற நிலை வராது. பெட்டி வரவில்லை என்றால் அந்தக் கூடத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே புகார் எழுதி எண் வாங்குங்கள். விமானப் பயணத்துக்கான 1999ஆம் ஆண்டு மாண்ட்ரியல் சர்வதேச ஒப்பந்தப்படி, சேதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள்ளும், தாமதத்துக்கு 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் போக வேண்டும். பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான், 100 வாட்-மணி வரை. உங்களுடையதில் 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள், 74 வாட்-மணி வரும். கொண்டுபோகலாம்.

விமானத்துக்குள் காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதைப் போல. இதய நோயோ நுரையீரல் நோயோ உள்ளவர் டாக்டரிடம் கேட்காமல் ஏறக் கூடாது. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்து கட்டும் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. இருக்கை எடுக்கும்போது பக்கத்துப் பக்கத்தில் எடுப்பதைவிட, நடைபாதைக்கு இருபுறமும் உள்ள இரண்டு ஓர இருக்கைகளை எடுப்பது நல்லது. கை நீட்டினால் தொடும் தூரம்தான், ஆனால் எழுந்து நடக்க ஒருவர் மற்றவரை எழுப்ப வேண்டியதில்லை. எழுப்பக் கூடாதே என்று அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும், கழிப்பறைக்குப் போக வேண்டி வருமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பதும்தான் வழக்கமாக நடக்கும் தப்பு. இறங்கிய பிறகு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலும், மூச்சு வாங்கினாலும் அன்றே மருத்துவமனை. வாரங்கள் கழித்தும் அது வரலாம்.

இறங்கியதும் வருவது தூக்கப் பிரச்சினை. நம் உடம்பின் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளமானது. அதனால் நாளை நீட்டும் மேற்குப் பயணம் எளிது, கிழக்குப் பயணம் கஷ்டம். கடிகாரத்தைத் திருப்பும் சாவி வெளிச்சம். அதைத் தவறான நேரத்தில் வாங்கினால் எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். வழக்கமாக எழும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு உடம்புச் சூடு மிகக் குறைவாக இருக்கும். அந்தப் புள்ளிக்குப் பிறகு வரும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னே தள்ளும், அதற்கு முன்பு வரும் வெளிச்சம் பின்னே இழுக்கும். ஒரு கணக்குப் பார்ப்போம். நீங்கள் ஊரில் காலை 6 மணிக்கு எழுகிறவர். அப்படியானால் புள்ளி சுமார் 4 மணி. ஒன்பது மணி நேரம் முன்னால் ஓடும் நாட்டுக்குக் கிழக்கே போகிறீர்கள். ஊரின் விடியற்காலை 4 அங்கே பகல் 1 மணி. வந்து சேர்ந்த மறுநாள் காலை 7 மணிக்குப் பிள்ளை உங்களைப் பூங்காவுக்கு அழைத்துப்போனால், அந்த வெயில் கடிகாரத்தைப் பின்னுக்கு இழுத்து நிலைமையை மோசமாக்கும். முதல் நாள் பகல் 1 மணிவரை வீட்டுக்குள் இருங்கள், பிறகு நடக்கப் போங்கள். அடுத்தடுத்த நாட்களில் அந்த நேரத்தைத் தினமும் ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவாருங்கள். பொதுவாக, தாண்டிய ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாள் என்று சரியாகும். இருவரும் ஒரே வேகத்தில் சரியாக மாட்டீர்கள். ஒருவர் நான்காம் நாளே நன்றாகத் தூங்குவார், மற்றவர் பத்தாம் நாளும் இரவு இரண்டு மணிக்கு விழித்திருப்பார். அவரைக் கோபிக்காமல், வேறு அறையில் மங்கிய விளக்கோடு உட்கார இடம் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

பிள்ளை வீட்டில் முதல் வாரத்திலேயே பேசித் தீர்க்க வேண்டியது, யார் எந்த வேலை என்பது. ஊரில் பழகிய பங்கீடு அங்கே செல்லாது. பொதுவாக வீட்டு வேலை பார்த்தவருக்கு அங்கேயும் வேலை கிடைத்துவிடுகிறது, சில சமயம் அளவுக்கு மேல். வெளிவேலை பார்த்தவர் கை கட்டி உட்கார்ந்துவிடுகிறார். ஒருவர் களைத்துப்போகிறார், மற்றவர் சலித்துப்போகிறார், இரண்டும் சேர்ந்து மூன்றாம் வாரம் ஒரு சச்சரவாக வெடிக்கிறது. பேரக்குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்துவருவதை வெளிவேலைக்காரர் எடுத்துக்கொள்ளலாம். பள்ளியில் அவர் பெயரைப் பிள்ளை முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும், இல்லையென்றால் குழந்தையை அனுப்ப மாட்டார்கள். வாரத்தில் ஒரு அரை நாள் நீங்கள் இருவர் மட்டும் பேருந்து ஏறி எங்காவது போய்வாருங்கள். வழியும் பழகும், பிள்ளைக்கும் அவன் வீடு கொஞ்ச நேரம் அவனுக்கே கிடைக்கும். அவசர எண்ணை இருவரும் மனப்பாடம் செய்யுங்கள்: ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, பிரிட்டனில் 999, ஆஸ்திரேலியாவில் 000.

கடைசியாக, பூட்டிவிட்டு வந்த வீடு. கிளம்பும்போது தண்ணீரின் முதன்மை வால்வையும் கேஸையும் மூடி, ஃப்ரிட்ஜைக் காலி செய்து கதவைத் திறந்து வைத்திருப்பீர்கள். குளியலறைச் சாக்கடை வாயில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் நாற்றத்தையும் பூச்சியையும் மேலே வராமல் தடுப்பது. சில வாரத்தில் அது வற்றிவிடும். கிளம்பும் முன் ஒவ்வொன்றிலும் ஒரு குவளைத் தண்ணீரும் அதன்மேல் இரண்டு கரண்டி எண்ணெயும் ஊற்றினால் வற்றுவது தாமதமாகும். திரும்பி வந்ததும் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, ஒவ்வொரு குழாயையும் சில நிமிடம் ஓடவிடுங்கள். ஷவரை மட்டும் தலையைக் கழற்றியோ, வாளிக்குள் தாழ்த்திப் பிடித்தோ ஓடவிடுங்கள். வாரக்கணக்கில் தேங்கிய குழாய் நீரில் நுரையீரலைத் தாக்கும் கிருமி வளர்ந்திருக்கலாம், அது சாரலாகத் தெறிக்கும்போதுதான் மூச்சுக்குள் போகும். அதன்பிறகு ஒருவர் பெட்டியைப் பிரிக்கட்டும், மற்றவர் மிச்ச மாத்திரையை எண்ணி அந்த நோட்டில் எழுதட்டும். எண்ணுகிறவர் இந்த முறை யார் என்பதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.