வேண்டாத கோல்: எடுத்த முதல் அரை நிமிடத்தில் என்ன செய்வது?

[காட்சி: லயத்து வீட்டு ஜன்னல். கம்பியில் தொங்கும் பிளாஸ்டிக் பைக்குள் ஒரு பட்டன் போன். வெளியே மூட்டம்.]

குரல்:
இலங்கை மலைநாட்டில் பல வீடுகளில் போனுக்கென்று ஓர் இடம் இருக்கும். ஜன்னல் கம்பி, இஸ்தோப்பு மூலை, கூரைக்குக் கீழே அடித்த ஆணி. சிக்னல் அங்கேதான் இரண்டு கோடு காட்டும். மணி அடித்தால் அடுப்படியிலிருந்து ரொட்டி மாவுக் கையோடு ஓடிவர வேண்டும். எடுத்து "ஹலோ" சொன்னால் சத்தமில்லை. இன்னொரு "ஹலோ". ஒரு சின்ன 'டிக்'. பிறகு பத்துப் பேர் பேசும் இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல், மளமளவென்று சிங்களத்தில் காப்புறுதித் திட்டம் ஒன்றைச் சொல்லத் தொடங்குகிறது.

அந்த இரண்டு மூன்று விநாடி மௌனத்திலிருந்து தொடங்குவோம். உங்கள் இலக்கத்தை அழுத்தியது மனிதரில்லை. கோல் சென்டரில் ஒரு மென்பொருள், இருக்கிற ஆட்களைவிடக் கூடுதலான இலக்கங்களுக்கு ஒரே நேரத்தில் அடிக்கிறது. பத்துப் பேருக்கு அடித்தால் பாதிப்பேர் எடுக்க மாட்டார்கள் என்பது அதன் கணக்கு. நீங்கள் எடுத்த பிறகுதான் சும்மா இருக்கும் ஓர் ஆளைத் தேடி இணைக்கிறது. மௌனம் அந்தத் தேடும் நேரம். ஆள் கிடைக்காவிட்டால் தானே துண்டித்துவிடும். "ஹலோ ஹலோ என்று கத்தினேன், வைத்துவிட்டார்கள்" என்று வீட்டில் குழம்புவது பெரும்பாலும் இதனால்தான். பேய் அல்ல, பொறாமைக்காரரும் அல்ல.

ஆகவே முதல் பழக்கம் இது. தெரியாத இலக்கத்தை எடுத்ததும் நீங்கள் முந்திப் பேசாதீர்கள். மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். கையால் அழுத்திக் கூப்பிட்டவர் என்றால், அவரே "ஹலோ" என்பார்.

[திரையில்: 07 என்று தொடங்கும் பத்து கட்டங்கள். கடைசி ஏழு கட்டங்கள் சுழல்கின்றன.]

குரல்:
"என் இலக்கம் இவர்களுக்கு எப்படிக் கிடைத்தது?" எல்லோரும் கேட்கும் கேள்வி. சில நேரம் யாரும் கொடுக்கவே தேவையில்லை. நமது கைபேசி இலக்கத்தில் 077, 071, 078 போன்ற முதல் மூன்றை விட்டால் மிஞ்சுவது ஏழு இலக்கங்கள். ஒரு முன்னெண்ணுக்கு ஒரு கோடி சேர்க்கைதான். கணினி அவற்றைக் குருட்டாம்போக்கில் உருவாக்கி அடிக்கலாம். கருத்துக்கணிப்பு நிறுவனங்கள் வேண்டுமென்றே இப்படிச் செய்வதுண்டு. பட்டியலில் இருப்பவர்களை மட்டும் கேட்டால் கணிப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும் அல்லவா? நேற்று வாங்கிய சிம்முக்கும் இன்று கோல் வருவது இதனால். அல்லது, அதே இலக்கத்தை முன்பு வைத்திருந்தவரைத் தேடி வருகிறது.

ஆனால் உங்கள் பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கூப்பிட்டால் இலக்கம் எங்கோ எழுத்தில் போயிருக்கிறது. டவுனில் புடவைக் கடை திறப்பு விழா, குலுக்கல் கூப்பன், பரிசு மோட்டார் சைக்கிள். கூப்பனில் பெயர், விலாசம், போன், அடையாள அட்டை இலக்கம் என்று நான்கு வரி. அதைவிடச் சாதாரணமானது, போனுக்குக் காசு போடும் ரீலோட் கடைக் கொப்பி. கடைக்காரர் இலக்கத்தையும் தொகையையும் ஒரு கொப்பியில் எழுதி, பிறகு அழுத்துகிறார். அவர் மேல் குறை இல்லை, கணக்கு வேண்டும். ஆனால் அந்தக் கொப்பி நாள் முழுக்க மேசைமேல் திறந்து கிடக்கிறது. வரிசையில் நிற்கும் எவரும் படம் பிடிக்கலாம். இளம்பெண்களுக்கு வரும் தொல்லைக் கோல்களுக்கும் இதே கொப்பி வழியாகலாம். கார்ட் வாங்கிச் சுரண்டிப் போடலாம், வீட்டில் ஸ்மார்ட்போன் உள்ளவர் மூலம் போடலாம். முடியாவிட்டால், "நேரா போன்ல அழுத்துங்க அண்ணே, எழுத வேணாம்" என்று கேட்பதில் தப்பில்லை.

[திரையில்: ஒரு கூப்பன். "அடையாள அட்டை இலக்கம்" என்ற வரி பெரிதாகிறது.]

குரல்:
இந்த வரியில் கொஞ்சம் நிற்போம். நம் அடையாள அட்டை இலக்கம் வெறும் வரிசை இலக்கம் அல்ல. புதிய 12 இலக்க முறையில் முதல் நான்கும் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டப்படும். 1985532 என்று தொடங்கினால்: 1985, பெண், 32-ஆவது நாள், அதாவது பெப்ரவரி 1. பழைய அட்டையில் வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம் மட்டும், அதே பெண்ணுக்கு 85532.

இப்போது யோசியுங்கள். ஒருவர் கூப்பிட்டு உங்கள் பெயரையும் பிறந்த தேதியையும் சரியாகச் சொல்கிறார். "பேங்க்ல இருந்துதான் பேசுறாங்க, இல்லாட்டி எப்படித் தெரியும்?" என்று நம்பிவிடுகிறோம். கூப்பனை வாசித்தாலே தெரியும். குலுக்கலில் கலந்துகொள்ள ஆசை என்றால் பெயரும் ஊரும் போதும். அட்டை இலக்கம் கேட்கும் கூப்பனைப் பெட்டியில் போடாதீர்கள். பரிசு விழுந்தால் அட்டையை நேரில் காட்டிக்கொள்ளலாம்.

[காட்சி: போனைக் காதில் வைத்த பாட்டி. "ஓவ்... ஓவ்..." என்று தலையாட்டுகிறார்.]

குரல்:
நம் பக்கத்துக்கே உரிய சிக்கல் இது. விற்பனைக் கோல்கள் பெரும்பாலும் சிங்களத்தில் வருகின்றன. பாதி புரியாத பெரியவர்கள் மரியாதைக்காக "ஓவ்", அதாவது "ஆம்", சொல்கிறார்கள். அந்த "ஓவ்" பாட்டுச் சேவைக்கோ செய்திச் சேவைக்கோ சம்மதமாகப் பதிந்துவிட்டால் தினமும் சில ரூபாய் ரீலோட்டிலிருந்து கழியும். ஐம்பது ரூபாய் போட்டது ஒரு வாரத்தில் பேசாமலே தீர்கிறதென்றால் சந்தேகப்படுங்கள். உங்கள் சிம் டயலொக் என்றால் 1777, மொபிடெல் 1717, ஹட்ச் 1788. கூப்பிட்டு, தமிழில் பேசுபவரைக் கேட்டு வாங்கி, "என் இலக்கத்தில் காசு கழியும் சேவைகள் எவை? எல்லாவற்றையும் வெட்டுங்கள்" என்று சொல்லுங்கள். பதில் வரும்வரை வைக்காதீர்கள்.

கோல் வந்தபோது சொல்ல வேண்டியதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிப் போனுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

[திரையில், ஒவ்வொரு வரியாக:
"கொஹெந்த கதா கரன்னே?" — எங்கிருந்து பேசுகிறீர்கள்?
"மட்ட எப்பா." — எனக்கு வேண்டாம்.
"மகே நம்பர் எக்க லிஸ்ட் எக்கென் அயின் கரன்ன." — என் இலக்கத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.
"தெமல கதா கரன கெனெக் இன்னவத?" — தமிழ் பேசுபவர் இருக்கிறாரா?]

குரல்:
மூன்றாவது வரிதான் முக்கியம். "இப்ப வேலையா இருக்கேன்" என்றால் கணினியில் 'பிறகு கூப்பிடு' என்று போட்டுவிடுவார்கள், நாளை அதே நேரத்தில் மணி அடிக்கும். "யோசிச்சுச் சொல்றேன்" அதைவிட மோசம், விருப்பமுள்ளவர் பட்டியலுக்கே போய்விடுவீர்கள். திட்டினாலும் பலனில்லை. அந்தப் பக்கம் இருப்பவரும் நாளொன்றுக்கு இத்தனை கோல் என்ற அளவுக்கு உழைக்கும், நம் வீட்டுப் பிள்ளைகளைப் போன்ற ஒருவர்தான். பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லி, வைத்துவிடுங்கள். அதற்கு இருபது விநாடி போதும்.

ஆய்வுக் கோல் வேறு இனம். உண்மையான கருத்துக்கணிப்பாளர் நிறுவனப் பெயர், எதைப் பற்றியது, எத்தனை நிமிடம் என்பதைக் கேட்டவுடன் சொல்வார். "வீட்டில் அடுத்ததாகப் பிறந்தநாள் வரும் பெரியவர் யார்?" என்று கேட்டால் பயப்பட வேண்டாம். எப்போதும் போனெடுக்கும் ஒருவரையே கேட்டுவிடாமல் இருக்க அவர்கள் கையாளும் முறை அது. அவருக்கு உங்கள் அட்டை இலக்கமோ வங்கிக் கணக்கோ தேவையில்லை. எதையும் விற்கவும் கூடாது. ஆய்வு என்று சொல்லிப் பொருள் விற்பதை ஆய்வுத் துறையின் சர்வதேச ஒழுக்கக்கோவையே தடுக்கிறது. பத்துக் கேள்விக்குப் பிறகு "உங்களுக்கு ஒரு சலுகை..." என்று வண்டி திரும்பினால் அது ஆய்வு அல்ல, வையுங்கள். பதில் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். பாதியில் நிறுத்தவும் உரிமை உண்டு.

[திரையில்: 1909 என்ற இலக்கம். அதன்மேல் சிவப்புக் கோடு.]

குரல்:
தமிழ்நாட்டு வீடியோக்களைப் பார்த்து 1909-க்கு மெசேஜ் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது இந்தியாவின் 'தொந்தரவு செய்யாதே' பதிவேடு. 140 என்று தொடங்கினால் விளம்பரக் கோல் என்பதும் அந்த நாட்டு ஏற்பாடுதான். இலங்கையில் அப்படி ஒரே மெசேஜில் எல்லாவற்றையும் நிறுத்தும் பதிவேடு இல்லை. இங்கே உள்ளது 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். சம்மதம் இல்லாமல் உங்கள் விபரத்தை வைத்து விளம்பரச் செய்தி அனுப்பக் கூடாது, கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பது அதன் அடிப்படை. சட்டம் கட்டம் கட்டமாகவே நடைமுறைக்கு வருவதால் அதைச் சொன்னதும் கோல் நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். "என் சம்மதம் எப்போது வாங்கினீர்கள்?" என்ற கேள்விக்கு மட்டும் நல்ல பலன் உண்டு. பட்டியலை விலைக்கு வாங்கியவர்கள் அங்கே தடுமாறுவார்கள்.

முறைப்பாடு செய்வதானால் தேதி, நேரம், வந்த இலக்கம், நிறுவனப் பெயர் நான்கையும் எழுதி வைத்திருங்கள். முதலில் உங்கள் சிம் நிறுவனம். அங்கே தீராவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, 1900.

பிளாக் செய்வது? செய்யுங்கள், ஆனால் அதையே நம்பாதீர்கள். ஒரே நிறுவனம் பல இலக்கங்களிலிருந்து அடிக்கும். ஒன்றை அடைத்தால் அடுத்தது வரும். ஐபோனில் தெரியாதவர்களின் கோலை மௌனமாக்கும் வசதியும் இருக்கிறது. மலைநாட்டுக் குடும்பங்களுக்கு அது சரிப்படாது. ஆஸ்பத்திரி வார்ட்டிலிருந்து தாதி கூப்பிடுவது, பிள்ளை பஸ்ஸைத் தவறவிட்டு யாரோ ஒருவரின் போனிலிருந்து கூப்பிடுவது, மண்சரிவு என்று பக்கத்துத் தோட்டத்திலிருந்து சொல்வது எல்லாமே தெரியாத இலக்கத்தில்தான் வரும். அட்டன் பக்கம் 051, நுவரெலியா 052, பதுளை 055, பண்டாரவளை 057, கண்டி 081. இவற்றில் தொடங்கினால் எடுத்துப் பாருங்கள்.

[காட்சி: திரையில் ஒரு தவறிய அழைப்பு. முன்னால் கூட்டல் குறி.]

குரல்:
ஒரே மணி, உடனே கட். கூட்டல் குறியோடு ஏதோ நாட்டு இலக்கம். மகள் குவைத்தில், மருமகன் கட்டாரில் என்றால் கை தானாகத் திருப்பி அழுத்தும். ஜப்பான்காரர்கள் 'வாங்கிரி' என்று பெயர் வைத்த தந்திரம் இது. திருப்பிக் கூப்பிட்டால் வெளிநாட்டுக் கட்டணம் உங்கள் தலையில், அதில் ஒரு பங்கு மோசடிக்காரர்களுக்கு. சவூதி 966, குவைத் 965, கட்டார் 974, அமீரகம் 971. உங்கள் ஆள் இருக்கும் நாட்டின் குறியீடு இல்லையென்றால் விடுங்கள். அவர் இலக்கத்தைக் கூட்டல் குறியோடு பெயர் போட்டுச் சேமித்தால் இந்தக் குழப்பமே வராது.

இன்னொன்று மோசடி என்றே தெரியாது. "பார்சல் வந்திருக்கு, உறுதிப்படுத்த *21* போட்டு இந்த இலக்கத்தை அழுத்துங்க" என்பார்கள். அழுத்தினால் உங்களுக்கு வரும் கோல் எல்லாம் அவர்களுக்குப் போகும். வங்கியிலிருந்து வரும் கோலும் சேர்த்துத்தான். *#21# அழுத்தினால் திருப்பிவிடப்பட்டிருக்கிறதா என்று காட்டும். ##002# அழுத்தினால் எல்லாத் திருப்பலும் நீங்கும். வங்கியின் இரகசிய இலக்கத்தையும் அவர்களிடம் சொல்லியிருந்தால், முதலில் வங்கிக் கார்டின் பின்பக்கம் உள்ள இலக்கத்துக்குக் கூப்பிட்டுக் கணக்கை நிறுத்துங்கள். பிறகு பொலிஸ் 119. இணைய மோசடி என்றால் 101.

[காட்சி: மறுபடியும் ஜன்னல். போனுக்குப் பக்கத்தில் ஒட்டிய தாள். நான்கு சிங்கள வரிகளுக்குக் கீழே, வேறு பேனாவில்: "கட்டார் தம்பி +974". மணி அடிக்கிறது. கை எடுக்கிறது. மூன்று விநாடி யாரும் பேசவில்லை. 'டிக்'.]