இன்னைக்கு மாஸ்டர் யாரு?

வணக்கம் நேயர்களே. ஓட்டல் சாப்பாட்டைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்குச் சமைக்கத் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள், வெந்நீர் வைப்பேன், அவ்வளவுதான். மருந்துக் கம்பெனி ரெப்பாக அரூர், பென்னாகரம், பாலக்கோடு, காவேரிப்பட்டணம் என்று பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன். டாக்டர்களுக்காகக் காத்திருந்த நேரம் போக மீதி நேரம் ஓட்டலில்தான் உட்கார்ந்திருப்பேன். அதில் பிடிபட்ட ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நேரம் இருக்காது. சின்ன ஊர் ஓட்டலுக்குப் போர்டைப் பார்த்துப் போகாதீர்கள். இன்னைக்கு அடுப்படியில் யார், இப்போது மணி என்ன, இந்த இரண்டையும் பார்த்துப் போங்கள்.

தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஓட்டல். பெயர் வேண்டாம், முதலாளி ரேடியோ கேட்கிறவர். அங்கே ஒருநாள் காலையில் ரோஸ்ட் சாப்பிட்டேன். கல் வாசலோரம் இருந்ததால் வேலை கண்ணில் பட்டது. மாஸ்டர் ஒரு கை தண்ணீர் தெளிக்கிறார், அது சுர்ரென்று ஓடி மறைகிறது, துடைப்பத்தால் ஒரு வீச்சு, மாவை ஊற்றிக் கரண்டியின் அடியால் நடுவிலிருந்து சுற்றிக்கொண்டே வருகிறார், ஓரம் தானாக எழும்புகிற வரைக்கும் அதைத் தொடவே இல்லை. இலைக்கு வந்தபோது ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெள்ளை, தொட்டால் உடைகிறது, நடுவில் மட்டும் கொஞ்சம் மெத்து. சட்னி மூன்று வகை.

சரி, மறுநாள் சேலத்திலிருந்து எங்கள் மேனேஜர் வருகிறார். வண்டியில் வரும்போதே அந்த ரோஸ்ட்டைப் பற்றித் தொப்பூர் தாண்டினதிலிருந்து ஊர் வருகிற வரைக்கும் விடாமல் சொல்லிக்கொண்டு வந்தேன். அதே ஓட்டல், அதே டேபிள். சப்ளையர் வந்தார், "இட்லி வடை பொங்கல் பூரி ரோஸ்ட் ஊத்தப்பம்" என்று மூச்சு விடாமல் ஒப்பித்தார். மேனேஜர் பூரி என்றார். "பூரி முடிஞ்சிடுச்சு சார்." பொங்கல்? "அதுவும் முடிஞ்சிடுச்சு." முடிந்துபோனதை ஏன் சொல்கிறார் என்று கேட்காதீர்கள், அது பாடமாகிவிட்டது, நடுவில் எடுக்க வராது. ரோஸ்ட்டே வந்தது. வெளுப்பு. நடுவில் கிழிந்து, கிழிசல் தெரியாமலிருக்க மடித்து, மேலே எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள். திரும்பிப் பார்த்தால் கல்லில் ஒரு சின்னப் பையன், தண்ணீர் தெளிப்பதுமில்லை, சூடு ஏற விடுவதுமில்லை, ஆர்டர் வந்ததும் ஊற்றுகிறான், ஒட்டிக்கொண்டதைச் சுரண்டுகிறான். மேனேஜர் என்னை ஒரு பார்வை பார்த்தார், அந்த வருஷ இன்கிரிமென்ட்டே அந்தப் பார்வையில் போயிற்று.

கல்லாவில் சொன்னேன். முதலாளி கொஞ்சமும் சளைக்காமல், "அப்படியா சார்? நாளைக்கு வாங்க" என்றார். எனக்குக் கோபம். அப்புறம் சப்ளையர்தான் வாசலில் வந்து காதோடு சொன்னார், மாஸ்டர் ஊர்ப் பண்டிகைக்குப் போயிருக்கிறாராம், நாளைக்குத்தான் வருவாராம். முதலாளி சொன்னது சமாதானம் இல்லை, விவரம்!

இந்த ஊர் தகடூராக இருந்த காலத்தில் அதியமானைப் பற்றி ஔவையார் பாடினாரே, புறநானூற்றில் 101ஆவது பாட்டு, ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பல நாள், அதுவும் பலரைக் கூட்டிக்கொண்டு போனாலும் முதல் நாள் போலவே பிரியமாக இருப்பான் என்று. பலரைக் கூட்டிக்கொண்டு என்பதைக் கவனியுங்கள். ஆள் கூட்டிக்கொண்டு போகும்போதுதானே மானம் போகிறது! நானும் அதைத்தான் கேட்கிறேன். பிரமாதமாக வேண்டாம், நேற்று மாதிரி இருந்தால் போதும்.

ஏன் அப்படி இருப்பதில்லை என்றால், பாதி ஓட்டல்களில் முதலாளிக்குச் சமையல் தெரியாது. மாஸ்டருக்கு நாள் கூலி, பக்கத்துக் கடையில் நூறு ரூபாய் கூடக் கொடுத்தால் கிளம்பிவிடுவார், அளவெல்லாம் அவர் கையோடு போய்விடும். மாவும் ஒரு காரணம். வெயில் காலத்தில் ராத்திரி கரைத்து வைத்தால் காலையில் பொங்கி நிற்கும். மார்கழிக் குளிரில், அதுவும் கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கம், விடிந்தாலும் எழும்பாது. அவசரத்துக்குச் சோடா உப்பைப் போடுகிறார்கள், இட்லி உப்புகிறது, வாயில் ஒரு கசப்பு நிற்கிறது.

அப்புறம் தக்காளி. பாலக்கோடும் ராயக்கோட்டையும் தக்காளி மண்டிகள், விலை சரிந்தால் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவதையும் பார்த்திருக்கிறோம், 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியதையும் பார்த்தோம். ஏறின மறுநாளே தக்காளிச் சட்னியில் தக்காளி இருக்காது, மிளகாயும் புளியும்தான். புளிக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமில்லை பாருங்கள்.

சாம்பாருக்கு மணி முக்கியம். ஏழரைக்குப் பருப்பு தெரியும். ஒன்பதரைக்கு அதே குண்டாவில் வெந்நீர் சேர்ந்திருக்கும், கரண்டியைவிட்டுத் தேடினால் முருங்கைக்காய் ஒன்று அகப்படலாம். ஆகவே எட்டரைக்குள் போய்விடுங்கள், திரும்பவும் சொல்கிறேன், எட்டரைக்குள்.

சப்ளையர்களைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. விடியற்காலையில் வந்து நிற்கிற ஆள், எட்டு டேபிளுக்கு ஒருத்தர், அந்த நேரம் பார்த்து ஒகேனக்கல் போகிற டூரிஸ்ட் பஸ் ஒன்று வந்து நின்றால் அவர் என்ன செய்வார்? என் கோபம் வேறு. தெரிந்த முகத்துக்குக் கெட்டிச் சட்னி, வழிப்போக்கருக்குத் தண்ணிச் சட்னி என்கிறார்கள் பாருங்கள், அது. இவர் திரும்பி வரப்போவதில்லை என்ற கணக்கு. நான்கு வழிச் சாலையில் போகிறவர் ஊருக்குள் வந்து சாப்பிடுவதே பெரிது, அவருக்கு இப்படிச் செய்தால் அடுத்த தடவை பைபாஸோடு போய்விடுவார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். ஒகேனக்கல் மீனைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். சுருக்கமாக: அங்கே மீனை நீங்களே பார்த்து வாங்கலாம், சமைத்துக் கொடுக்கிற அம்மாக்கள் உங்கள் முன்னாலேயே மசாலா தடவி எண்ணெயில் போடுவார்கள், அதனால் புகார் குறைவு. மீன் விலை, வறுக்கிற கூலி இரண்டையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள், குழந்தைகள் இருந்தால் காரம் குறைக்கச் சொல்லுங்கள். பரோட்டா, சால்னா பாக்கி இருக்கிறது, இன்னொரு நாள் கூப்பிட்டால் வருகிறேன். வணக்கம்.